ஆறாவது துண்டு

அந்த வீட்டில் மனைவி சொன்ன ஒரு சொல் கணவன் காதுக்கு வந்து சேர ஒன்பது நாள் பிடித்தது. இடையில் இருந்த தூரம் ஒரு சாப்பாட்டு மேசை.

கணவனுக்குத் தொலைபேசி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஊர்ச் செய்தியெல்லாம் ஒரே கம்பியில் முட்டிக்கொண்டு நிற்கும்போது எது முன்னால் போவது, எது காத்திருப்பது என்று விதி எழுதுவான். அதனால் அவனை முறைக்காரன் என்றே கூப்பிட்டார்கள். அவன் எழுதிய விதி சுலபமானது: சின்னது முதலில் போகட்டும். சராசரிக் காத்திருப்பு பாதியாகக் குறைந்தது, மேலாளருக்கு வாயெல்லாம் பல். நீளமான செய்திகள் மட்டும், ஓயாமல் வந்துகொண்டிருந்த பொடிசுகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆறு வருடம் இப்படிப் போனது. ஏழாம் வருடம் விதி அவனோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வேறு ஊரில் திறக்கும் கிளைக்குத் தலைமைப் பொறுப்பேற்க அவளைக் கேட்டிருந்தார்கள். போவதென்றால் மாதக் கடைசி ஞாயிறு, மாலை நாலு மணிப் பேருந்து. "நீ போறியா?" என்று அவன் ஒரு வியாழக்கிழமை கேட்டான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு "உப்பு" என்றாள், அது பளிச்சென்று கேட்டது. எழுதிக் காட்டச் சொன்னான். அவள் பக்கம் நிறைய எழுதினாள், தாள் வெள்ளையாகவே இருந்தது. எழுத்துக்கும் முறை வரவேண்டியிருந்தது. இது தன் விதிதான் என்று முறைக்காரன் அப்போதுதான் கண்டுகொண்டான்.

அலுவலகத்தில் விதியை மாற்றக் கேட்டான். "சராசரி ஏறிடும்பா" என்று மேலாளர் கையை விரித்துவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை, சொல்ல வந்ததை ஆறு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு எண் போட்டுச் சொல்லும்படி மனைவியிடம் கெஞ்சினான். "என் பேச்சுக்கு டோக்கனா?" என்றாள். ஆனாலும் சொன்னாள். அவன் நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தான். முதலில் "ஒண்ணு, நான்" வந்தது. பிறகு நாலும் ஐந்தும், அப்புறம் இரண்டு, செவ்வாய்க்கிழமை மூன்று. அடுக்கிப் பார்த்தான்: நான் உங்கள விட்டுட்டு தனியா அங்க. ஆறாவது துண்டு வரவில்லை. நம் பேச்சில் போவதா இருப்பதா என்பது கடைசிச் சொல்லில்தானே தெரியும்! திரும்பச் சொல்லச் சொன்னான். "சொன்னது சொன்னதுதான்" என்று அவள் பெட்டியைத் துடைக்கப் போனாள். தலையையாவது ஆட்டு என்றான். "மாட்டேன்."

முறைக்காரன் எழுத்து எண்ணினான். போறேன் என்றால் மூன்றெழுத்து, எப்போதோ வந்திருக்கும். ஆகவே அது போகமாட்டேன், ஆறெழுத்து. அன்று ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட்டான். மறுநாள் பல் தேய்க்கும்போது போகப்போறேன் என்பதும் ஆறெழுத்து என்று உறைத்தது. அவளுடைய பெட்டியில் பாதித் துணி இருந்தது, பாதித் துணி கொடியில் இருந்தது. எதை வைத்து எதை முடிவு செய்வது என்று புரியாமல் மணிக்கொரு தரம் "என்ன?" என்றான், "சொல்லேன்" என்றான், "வருமா?" என்றான்.

பேருந்து நாளான ஞாயிறு காலைதான் புரிந்தது. அவன் கேட்ட ஒவ்வொரு "என்ன?"வும் சின்னது. ஒவ்வொன்றும் அவளுடைய சொல்லுக்கு முன்னால் புகுந்து போயிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தான். அவளும் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் ஒரு ம் கூட இல்லை. இரண்டு மணி ஆனது, மூன்று ஆனது. பெட்டி மூடி வாசலருகே இருந்தது. அவன் வாயைத் திறக்கவே இல்லை, இத்தனை வருடத்தில் அவள் முன்னால் இவ்வளவு நேரம் அவன் சும்மா இருந்ததில்லை.

நாலு இருபதுக்கு ஆறாவது துண்டு வந்தது. ஒன்பது நாளைக்கு முந்தைய கோபத்தோடு, அவள் குரலில், தெளிவாக: "போகப்போறேன்."

பேருந்து போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஏன் என்று கேட்க அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. அது இரண்டெழுத்து என்பதால் விழுங்கிக்கொண்டான். அவள் உதடுகள் அசையத் தொடங்கின, வெகுநேரம் அசைந்தன. அது இன்னும் வந்து சேரவில்லை. அந்த வீட்டில் இப்போது யாரும் அநாவசியமாக உப்பு கேட்பதில்லை.