மாட்டுக்கு வைத்த அப்பம்

என் புருஷன் வாலென்டி பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சாமியாரிடம் போனவர்கள் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு வருவார்கள். இவர் ஏற்றிக்கொண்டு வந்தார். மெசியா வருகிறார், வீட்டைக் கழுவினால் போதாது, நெஞ்சைக் கழுவுங்கள் என்று டிசம்பர் பிறந்தால் கோயிலில் கேட்கிற பிரசங்கம்தான். இந்த வருஷம் அது இவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

செய்த பாவம் ஊருக்கே தெரியும். குடித்துவிட்டு டிராக்டரைப் பின்னால் எடுத்தார். அங்கே நின்றது அண்ணன் மகள் கிங்கா, அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தார், குடியையும் விட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணன் ஸெனோன் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. கடவுள் மன்னித்தாயிற்று, இனி அண்ணனோடு அப்பம் பிட்டுவிட்டுப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு உட்கார் என்று சாமியார் சொல்லிவிட்டாராம். சொல்வதற்கு அவருக்கென்ன, வாய்தானே.

"அண்ணன் எங்கூட அப்பம் பிட்டுக்கலைன்னா, நான் இருந்து என்ன பண்ணப் போறேன்?" என்றார் இவர். கத்திச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். நிதானமாகச் சொன்னார். அன்றைக்கே தொழுவத்தில் இருந்த கயிற்றையெல்லாம் எடுத்து ஒளித்துவைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்தது. பீட்ரூட் சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் நட்சத்திரம் தெரிந்ததும், கோயிலில் தருகிற காகிதம் மாதிரி மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிட்டுத் தின்று, மனஸ்தாபத்தை முடித்த பிறகுதான் எங்கள் ஊரில் யாரும் கரண்டியைத் தொடுவார்கள். அதற்குள் போயாக வேண்டும் என்று இவர் அலமாரியிலிருந்து அப்பப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தனியாக விட மனசு வராமல் நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஸெனோன் கதவைத் திறந்தார். எங்களைத் துரத்தவில்லை, அதுவே எனக்குப் பெரிசாக இருந்தது. இவர் பனியில் முழங்கால் போட்டார். காகிதத்தைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினார்.

ரோஸ் நிற அப்பம். பண்டிகை ராத்திரியில் மாட்டுக்கும் அப்பம் உண்டு, மனுஷருக்கு வெள்ளை, மாட்டுக்கு ரோஸ். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். இரண்டு பொட்டலத்தையும் நான்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன், இவர் இருந்த பதற்றத்தில் மாற்றி எடுத்திருக்கிறார்.

"மாட்டுக்குப் போடுறதைக் கொண்டாந்திருக்கியா எனக்கு? பிள்ளைய எடுத்தது பத்தலையா?" என்றார் ஸெனோன்.

தவறிப்போச்சு, இதோ ஒரே ஓட்டத்தில் வெள்ளையைக் கொண்டுவருகிறேன் என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? இவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தோடு வீட்டுக்கு அழைத்துப்போனால் விடிகிறவரை இவரை என்னால் காப்பாற்ற முடியாது. ஸெனோன் கதவைச் சாத்தப்போனார். வெட்கம் மானம் பார்க்காமல் நானும் பனியில் விழுந்து, உள்ளே நின்ற அவர் பெண்சாதியைக் கூப்பிட்டேன். "ஒத்திலியாக்கா, இவரு செத்துப்போயிருவாரு அக்கா."

ஒரு கை கதவைப் பிடித்து நிறுத்தியது. பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து ஒத்திலியா எங்களிடம் ஒரு சொல் பேசியதில்லை, கோயிலில் எங்களைக் கண்டால் பெஞ்சு மாறி உட்காருவாள். அவள் வெளியே வந்து, இவர் கையிலிருந்த ரோஸ் அப்பத்தை எடுத்தாள்.

"மாடு கன்னுகூட எம்பொண்ண மிதிச்சதில்ல," என்றாள். "அவ நடந்தா ஒதுங்கி நிக்குங்க."

இவர் தலை தரையைத் தொட்டது. அவள் அப்பத்தில் ஒரு துண்டைப் பிட்டு இவர் உள்ளங்கையில் வைத்தாள். தான் தின்னவில்லை. இவர் வாயில் போட்டுக்கொள்ளும்வரை நின்று பார்த்தாள்.

"வெள்ளை அப்பத்த அடுத்த வருஷம் கொண்டா. நீதான் கொண்டாரணும், வேற யாரும் வரக்கூடாது. அதுவரைக்கும் சாகுற உரிமை உனக்குக் கிடையாது, தம்பி."

கதவு சாத்திக்கொண்டது. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த வருஷம் வாங்குவாளா, முகத்தில் எறிவாளா, அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும். நான் அக்குளில் கைகொடுத்து இவரைத் தூக்கி நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தேன். மேசையில் உட்காரவைத்துச் சூப் ஊற்றினேன். அழுதுகொண்டே குடித்தார், இன்னும் கொஞ்சம் ஊற்று என்றார்.