பதினான்கு வீடுகளில் இருந்தவள்

எனக்கு நினைவிருப்பதெல்லாம் சரிதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வருடங்களை முன்பின்னாகச் சொல்லிவிடுவேன், வீடுகளின் வரிசையும் குழம்பும். ஆனால் சார்ஜென்ட்டின் மனைவி கடைசியில் பதினாறு கிலோதான் இருந்தாள் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆஸ்பத்திரியில் மெஷினை மாற்றி இரண்டு முறை நிறுத்துப் பார்த்தார்கள். நோய் என்று எதுவும் இல்லை. கல்யாணமாகி வந்தபோது ஐம்பத்தெட்டு கிலோ. பிறகு பதினான்கு முறை ராணுவக் குடியிருப்பைக் காலிசெய்தார்கள். ஒவ்வொரு முறை சாவியை ஒப்படைத்தபோதும் மூன்று கிலோ குறைந்தது. அலைச்சல் என்றார்கள், அவளும் அப்படித்தான் சொன்னாள்.

மாற்றல் எப்போது வருமென்று தெரியாததால் அவள் மேசை, கட்டில் எதுவும் வாங்கவில்லை. தகரப் பெட்டிகளின் மேல்தான் சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம். அதனால் பெட்டியம்மா என்று பெயர் விழுந்தது. காலிசெய்யும் வீட்டின் சமையலறைக் கதவுக்குப் பின்னால், அடுத்து வரப்போகும் பெண்ணுக்காக ஒரு தாள் ஒட்டிவிட்டு வருவாள்: எந்தக் குழாய் ஒழுகும், எந்த ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளும், பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய்தான் பெரிது, பிரசவத்துக்கு நம்பிக் கூப்பிடலாம். அந்தப் பெண்களிடமிருந்து கடிதங்கள் வரும். தாளுக்கு நன்றி அக்கா, நீங்களும் இங்கேயே ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பது தனியாக இருக்கும் எனக்குப் பெரிய தைரியம், குழந்தை அழுதால் நீங்களே தூக்கிக்கொள்கிறீர்கள் என்று எழுதியிருக்கும். பெட்டியம்மா ஆச்சரியப்படாமல் படித்துவிட்டு, குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்யவேண்டுமென்று பதில் போடுவாள். அப்படியே மகளை வளர்த்தாள். மகள் வெளிநாட்டு வேலைக்குப் போனபின் பேத்தியையும் வளர்த்தாள். சார்ஜென்ட் எல்லையில் இருந்தார். ஓய்வுபெற்று அவர் நிரந்தரமாக வீடு வந்து சேர்ந்தபோது, மனைவியை நாற்காலியோடு துண்டால் கட்டிவைக்கவேண்டிய நிலை.

"பாட்டி, ஃபேன் போடட்டா? பறந்துர மாட்டியே?" என்பாள் பேத்தி.

"போடுடி. மேல ஒட்டடை தொங்குது. போனா தட்டிட்டு வரேன்."

இன்னும் கொஞ்சம் குறைந்தால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். ஒரு வீட்டில் விட்டுவந்த மூன்று கிலோவையாவது மீட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று சார்ஜென்ட் நம்பினார். முறைப்படி மூன்று பிரதிகளில் மனு எழுதிக் குடியிருப்பு அலுவலகத்துக்கு அனுப்பினார். மேற்படி இனம் எங்கள் பட்டியலில் இல்லை என்று நாற்பதாம் நாள் பதில் வந்தது. அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, கல்யாணமானதும் குடியேறிய முதல் வீட்டுக்குத் தானே ரயிலேறிப் போனார்.

கதவைத் திறந்த கர்ப்பிணிப் பெண், "அவங்களைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்கும்போதே அழுதுவிட்டாள். ஆனாலும் தடுக்கவில்லை, உள்ளே கையைக் காட்டினாள். சமையலறை ஜன்னலில் பெட்டியம்மா நின்றிருந்தாள். இருபத்துமூன்று வயது, ஈரத்தலை. பார்வை ரோட்டின் மேல்.

அவர் கூப்பிட்டதும் திரும்பினாள். "யாரு வேணும் ஐயா? வீட்டுக்காரர் லீவுல இன்னும் வரல. வர்ற நேரம்தான். உக்காருங்க, தண்ணி தரேன்."

சார்ஜென்ட் தண்ணீரைக் குடித்தார். நான்தான் உன் வீட்டுக்காரன், வா என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் சொல்ல வாய் வரவில்லை. மீதிப் பதின்மூன்று வீடுகளிலும் எதைப் பார்க்கவேண்டியிருக்கும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டாள் நாற்காலியில் இருந்தவள்.

அவர் எதிரில் உட்கார்ந்தார். "நீ இன்னும் எனக்காகக் காத்திருக்கே."

"பின்ன? நீங்கதான் வரலையே," என்றாள். குரலில் கோபமில்லை. துண்டின் முடிச்சு உறுத்துகிறது, கொஞ்சம் தளர்த்துங்கள் என்றாள். அவர் முடிச்சை அவிழ்த்து அவளை மடியில் வைத்துக்கொண்டார். பதினொரு நாள் அப்படியே வைத்திருந்தார். சாப்பாட்டைப் பேத்தி ஊட்டினாள், இருவருக்கும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் இறந்தாள். தூக்குவதற்கு ஆள் தேவைப்படவில்லை, சார்ஜென்ட்டே சுமந்தார். இரண்டு வருடம் கழித்து அவரும் போய்விட்டார். மகள் இரண்டு சாவுக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனாள். பேத்தி ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், அவளுக்கும் மாற்றல் உண்டு. முதல் வீட்டுப் பெண்ணுக்குப் பெண்குழந்தை பிறந்தது. பதினான்கு வீடுகளில் மூன்றை இடித்துவிட்டார்கள். மற்றப் பதினொன்றிலும் குடும்பங்கள் இருக்கின்றன, ஜன்னலோரம் அவளும் இருக்கிறாள்.