நான்காம் மாடிக்கு ஏறும் முன்

வீட்டுக்கு வந்த முதல் கிழமையில் அகஸ்ரின் எல்லாவற்றையும்விடத் தும்மலுக்குத்தான் பயந்தார். நெஞ்செலும்பை நடுவால் அறுத்துத் திறந்து, காலில் எடுத்த இரத்தக் குழாயை இதயத்தில் வைத்துத் தைத்து, பிறகு எலும்பைக் கம்பியால் கட்டி மூடியிருந்தார்கள். மூக்கு இலேசாக அரித்தாலே தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடுவார். கம்பி அறுந்து நெஞ்சு இரண்டாகப் பிளந்துவிடும் என்றே நினைப்பார். அவருடைய மனைவி செலஸ்ரீனா செத்தல் மிளகாய் பொரிப்பதையே நிறுத்திவிட்டாள்.

மன்னார் பேசாலையிலிருந்து வந்து, இத்தாலியின் பலேர்மோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். அங்கே கால்சா பகுதியில் ஒரு உணவகத்தின் சமையலறையில் அவருக்கு வேலை. மீன் பெட்டி ஒன்றைத் தூக்கும்போதுதான் நெஞ்சு பிடித்தது. ஒப்பரேசனுக்கு வந்து நின்ற மகள் றம்யா கைக்குழந்தையோடு பொலோஞாவுக்குத் திரும்பிவிட்டாள். இப்போது போர்கோ வெக்கியோவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில், இவர்கள் இரண்டு பேரும்தான்.

அம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் கதிரையில் வைத்துத்தான் அவரை மேலே தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து ஆட்கள் பார்த்தார்கள். அந்த வெட்கமோ பயமோ, அதற்குப் பிறகு அவர் படியில் கால் வைக்கவில்லை. தையல் வெட்டவும் தாதி வீட்டுக்கே வந்தாள். "நடக்க வேண்டும், தினமும் வெளியே போய் நடக்க வேண்டும்" என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். அகஸ்ரின் குசினிக்கும் படுக்கையறைக்கும் இடையில் நடந்தார். பால்கனியில் நின்று கீழே சந்தையைப் பார்த்தார். மீன்காரன் தலையை நிமிர்த்தி, அவருடைய பெயரை இத்தாலியன் ஆக்கி, "அகொஸ்தினோ, எப்ப இறங்கி வாறாய்?" என்று கத்துவான். இவர் கையைக்கூட உயர்த்தாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவருக்குள் இன்னொரு பயம் இருந்தது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. படுக்கையில் வலப்பக்கம் சாய்ந்தாலும் இருமினாலும் நெஞ்சுக்கு நடுவில் 'டிக்' என்று ஏதோ ஒன்று அசைந்தது. காதில் விழுகிற சத்தம் இல்லை, எலும்பு எலும்போடு தட்டுகிற உணர்ச்சி. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் ஒருவருக்கு இப்படித்தான் எலும்பு பொருந்தாமல் போய், திரும்பவும் உள்ளே கொண்டுபோனார்கள். பிறகு அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தார். கிழவருக்கு என்ன நடந்தது என்று அகஸ்ரின் கேட்கவில்லை. சொல்லாமல் இருந்தால் தானாகப் பொருந்திவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். குளிக்கும்போது விரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்ப்பார். அழுத்தியதால் கூடிவிட்டதோ என்று அன்று முழுக்க யோசிப்பார்.

செலஸ்ரீனா லீவு முடிந்து வேலைக்குப் போகத் தொடங்கினாள். பொலித்தேயாமா பக்கம் ஒரு இத்தாலியப் பெண்மணியின், ஒரு சிஞோராவின், வீட்டில் காலைநேர வேலை, மதியம் திரும்பிவிடுவாள். போகும்போது மருந்தை ஒரு கோப்பையிலும் தண்ணீரை அவருடைய கைக்கெட்டும் உயரத்திலும் வைத்துவிட்டுப் போவாள். இடையிடையே போன் எடுப்பாள். அவர் உடனே எடுத்துப் பேச வேண்டும்.

ஒருநாள் அவர் கழிவறையில் இருந்தபோது போன் அடித்தது. வெளியே வருவதற்குள் திரும்பத் திரும்ப அடித்து நின்றுவிட்டது. எடுத்துப் பார்ப்பதற்குள் கதவில் பலத்த தட்டல். இரண்டாம் மாடியில் இருக்கிற சிஞோரா நுன்சியா, மா பிசைந்த கையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"உயிரோடுதான் இருக்கிறார்!" என்று தன் கையிலிருந்த போனுக்குள் கத்தினாள். மறுபக்கத்தில் செலஸ்ரீனா.

அன்று மதியம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"போனைக் கையோடை வைச்சிருக்கச் சொன்னனானெல்லோ?"

"கழிவறைக்குமோ கொண்டுபோறது?"

"ஓம், கழிவறைக்கும்தான். விழுந்து கிடந்தால் எனக்கு ஆர் சொல்லுறது?"

அவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட இருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது மூக்கருகில் ஏதோ இளஞ்சூடாக இருந்தது. அவளுடைய புறங்கை. மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். அவர் கண்ணைத் திறக்காமல் மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டார். கை மெல்ல விலகியது.

மாசிமாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வேலை முடிந்தது, வாறன் என்று செலஸ்ரீனா போனில் சொன்னாள். வழக்கமாக அந்த நேரம் அவர் படுத்திருப்பார். அன்று வெயில் நன்றாக அடித்ததால் பால்கனியில் கதிரையைப் போட்டு இருந்தார். சந்தைக்குள்ளால் அவள் வருவது தெரிந்தது. பெருஞ்சீரகக் கிழங்கு விற்கிறவனிடம் நின்று ஏதோ வாங்கினாள். பிறகு தெருவைக் கடந்து கட்டடத்துக்குள் நுழைந்தாள். முன்கதவு அடிபட்டு மூடுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

அகஸ்ரின் எழுந்துபோய்ச் சோற்றுக்குக் கோப்பைகளை எடுத்து வைத்தார். சாவி திரும்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார். சாவி திரும்பவில்லை. நுன்சியாவோடு கதைத்துக்கொண்டு நிற்கிறாள் போல என்று நினைத்தார். கதவைத் திறந்து காதைக் கொடுத்தார். படிக்கட்டில் கதை இல்லை, காலடி இல்லை. கீழே எங்கோ ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் இரைந்தது.

"செலஸ்!"

பலமாகக் கூப்பிட நெஞ்சு விடவில்லை. குரல் பாதி மாடிகூடப் போயிருக்காது. போன் எடுத்தார். அணைத்து வைத்திருந்தாள்.

ஒரு மாதமாக அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடினாள். தலை சுற்றி விழுந்திருப்பாளோ? தலை அடிபட்டுக் கிடக்கிறாளோ? பால்கனிக்குப் போய் மீன்காரனைக் கூப்பிடலாம், ஆனால் சந்தை இரைச்சலில் அவருடைய குரல் எடுபடாது. நுன்சியாவின் இலக்கம் அவருடைய போனில் இல்லை.

அவர் சுவரில் கையை வைத்துக்கொண்டு முதல் படியில் இறங்கினார்.

கைப்பிடியைப் பிடித்துத் தொங்கக் கூடாது, பாரத்தைக் கையில் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கைகளை நெஞ்சோடு மடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். இரத்தக் குழாய் எடுத்த கால் பாரமாக இருந்தது. இதயம் காதுக்குள் அடித்தது. வேகமாக அடிக்கிறதா, பிழையாக அடிக்கிறதா என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் நெஞ்சுக்குள் அந்த 'டிக்' வந்தது. நின்றார். திரும்பி ஏறலாமா என்று மேலே பார்த்தார். ஏறுவதும் இறங்குவதைப் போலவே தூரமாகத் தெரிந்தது. "மாதாவே" என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்து இறங்கினார். இரண்டாம் மாடியில் நுன்சியாவின் கதவைத் தட்டவும் அவர் நிற்கவில்லை.

செலஸ்ரீனா அடிப்படிக்கட்டில் இருந்தாள். பையை மடியில் வைத்து, தலையைச் சுவரில் சாய்த்து, கண் மூடி இருந்தாள். விழவில்லை, மயங்கவும் இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்னப்பா," என்றார் அவர். "உமக்கு என்ன செய்யுது?"

அவள் திடுக்கிட்டு எழும்பினாள். பைக்குள் இருந்த கிழங்கு ஒன்று உருண்டு கதவடிக்குப் போனது.

"ஐயோ! ஆர் உங்களை இறங்கச் சொன்னது? என்ன நடந்தது? நெஞ்சு நோகுதோ?"

"எனக்கு ஒண்டுமில்லை. நீர் உள்ளுக்கு வாறதைப் பாத்தனான். பிறகு ஆளைக் காணேல்லை. விழுந்திட்டீர் எண்டு நினைச்சன்."

"விழேல்லை. சும்மா இருந்தனான்."

"போனையும் நிப்பாட்டிப்போட்டுச் சும்மா இருக்கிறதோ?"

அவள் திரும்பவும் படியில் இருந்துவிட்டாள். அவரும் சுவரைப் பிடித்து மெல்ல அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ஒவ்வொரு நாளும் இஞ்சை இருந்திட்டுத்தான் மேலை வாறனான்," என்றாள் அவள். "நீங்கள் படுத்திருக்கிறபடியால் உங்களுக்குத் தெரியாது."

"களைப்போ?"

"களைப்பில்லை. கதவைத் திறக்கப் பயம்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"முந்தி வியா லிபெர்த்தாவிலை ஒரு கிழவி சிஞோராவைப் பாத்தனானெல்லே, கதிரையிலை இருந்தபடி செத்துப்போன மனிசி?"

"ஓம், சொன்னனீர்."

"முழுக்கச் சொல்லேல்லை. காலமை கதவைத் திறந்து போய், பொன்ஜோர்னோ சொன்னனான். மனிசி யன்னல் பக்கம் பாத்துக்கொண்டு இருந்தது. கோபம் போலை எண்டு நினைச்சன். கோப்பி போட்டு, சீனி கலக்கி, முன்னாலை வைச்சு, ஆறப்போகுது குடியுங்கோ எண்டு சொல்லிப்போட்டு அறை கூட்டப் போனனான். திரும்பி வந்தும் கதைச்சனான். பிறகுதான் கையைத் தொட்டன்." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "போனிலை கதைச்சாலும், கதைச்ச பிறகு ஏதும் நடந்திருக்கும் எண்டு மனம் சொல்லுது. அதாலை போனையும் நிப்பாட்டிப்போட்டு இதிலை இருந்து ஒரு செபமாலையைச் சொல்லிப்போட்டு ஏறுவன்."

அகஸ்ரின் அந்த மதியங்களை நினைத்துப் பார்த்தார். தான் மேலே படுத்திருந்து கூரையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம் இவள் கீழே சுவரோடு சாய்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குப் பதிலாக, மறைத்து வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"செலஸ், நெஞ்செலும்பு அசையுது."

"என்ன?"

"திரும்பினால், இருமினால், உள்ளுக்கை டிக் எண்டு தட்டுது. வீட்டை வந்த நாள் தொடக்கம்."

அவள் கையை அவருடைய சேட்டுக்குள் விட்டு, தழும்பின் மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தாள்.

"இருமுங்கோ."

மெல்ல இருமினார். அவளுடைய முகம் மாறியதைப் பார்த்தார். அவளுக்கும் பிடிபட்டுவிட்டது.

"கடவுளே! இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை? றம்யா ஒவ்வொரு நாளும் கேட்டவளெல்லோ? எலும்பைப் பிளந்த மனிசன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதோ?" அவள் பேசப் பேச அழுகை போய்க் கோபம் வந்தது. "திரும்ப வெட்டுவினம் எண்டுதானே பேசாமல் இருந்தனீங்கள்?"

"ஓம்," என்றார்.

ஏறுவது பெரும்பாடாக இருந்தது. அவள் அவருடைய முதுகில் கையை வைத்துத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்தாள். இரண்டாம் மாடியில் நுன்சியா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். அதில் இருந்து இளைப்பாறி, மிச்சத்தையும் ஏறினார்கள். வீட்டுக்குள் போனதும் செலஸ்ரீனா ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தாள். திங்கட்கிழமை காலமை வரச் சொன்னார்கள். அந்தச் சனியும் ஞாயிறும் அவர் அசையாமல் மல்லாந்து படுத்திருந்தார்.

திங்கட்கிழமை ஒரு இளம் வைத்தியர் அழுத்திப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்தார். கம்பிகள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன என்றார். எலும்பு கீழ்ப்பக்கத்தில் இன்னும் சேரவில்லை. அகஸ்ரினைப் போலச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறவர்களுக்கு மெதுவாகத்தான் சேரும். நெஞ்சைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டி தந்தார். சீனியைக் கட்டுப்படுத்தச் சொன்னார். ஈஸ்டருக்கு முன் திரும்ப வரச் சொன்னார்.

"அப்பவும் சேராவிட்டால்?" என்று செலஸ்ரீனா கேட்டாள்.

"அப்போது பார்ப்போம், சிஞோரா."

அந்த 'பார்ப்போம்' அவர்களோடு வீட்டுக்கு வந்தது. பயம் குறையவில்லை, ஆனால் இப்போது இரண்டு பேருக்கும் ஒரே பயம். மதியத்தில் முன்கதவு அடிபடும் சத்தம் கேட்டதும் அகஸ்ரின் படிக்கட்டுத் தலைப்புக்கு வந்து, "செலஸ், இருக்கிறன்!" என்று கீழே குரல் கொடுப்பார். முதல் நாள் குரல் போதவில்லை. "கேக்கேல்லை!" என்று அவள் கீழேயிருந்து கத்தினாள். திரும்பச் சொன்னார். யார் யாரோ கதவைத் திறந்து என்ன சண்டை என்று பார்த்தார்கள். நாளடைவில், அவள் வருகிற நேரம் பார்த்து அவரே இறங்கி இரண்டாம் மாடிவரை போய் நிற்கத் தொடங்கினார். பிறகு முன்கதவுவரை. ஒருநாள் மீன்காரன் அவரைக் கண்டு, கையிலிருந்த கத்தியோடே ஓடிவந்து கட்டிப்பிடிக்கப் பார்த்தான். "நெஞ்சு! நெஞ்சு!" என்று இவர் அலறிப் பின்வாங்கினார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய கிழமை திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே வைத்தியர் விரலை வைத்து இருமச் சொன்னார். இன்னும் பலமாக, என்றார். அகஸ்ரின் இருமினார். செலஸ்ரீனா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார்.

"சேர்ந்துவிட்டது," என்றார். "பட்டியைக் கொஞ்ச நாள் கழித்துக் கழற்றலாம். பாரம் தூக்குவது இன்னும் வேண்டாம்."

வெளியே வந்து பஸ்ஸில் ஏறினார்கள். றம்யாவுக்குப் போன் எடுக்கச் சொன்னார், பிறகு எடுப்பம் என்றாள். சிறிது நேரத்தில் அவளுடைய தலை அவருடைய தோளில் விழுந்தது. வாயைத் திறந்தபடி நித்திரை. இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் இப்படிக் கிடந்து நித்திரை கொண்டதை அவர் காணவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தது. அகஸ்ரின் அசையவில்லை. பஸ் அதைக் கடந்து துறைமுகப் பக்கம் போனது.

கடைசித் தரிப்பில்தான் அவள் விழித்தாள். யன்னலால் வெளியே பார்த்தாள்.

"இவ்வளவு தூரம் எப்பிடி நடக்கப் போறியள்?" என்று ஏசினாள்.

"மெல்ல மெல்ல நடப்பம்," என்று அவர் எழுந்தார்.