அடுப்பில் இருந்த அபலோன்

"மாமா, மூடியத் தொடாதீங்க."

மகள் கரண்டியைக் குறுக்கே நீட்டி மறித்தாள். மாமா அம்மாவின் தம்பி. கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்த அப்பாவைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கு இழுத்த வழியே சமையலறைக்கு வந்திருந்தார்.

அடுப்பில் முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து சிறு தீயில் வெந்துகொண்டிருந்தது ஓர் அபலோன். கடல் பாறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வாழும் ஒற்றை ஓட்டுப் பிராணி. காய வைத்தால் கல்தான். நாள்கணக்கில் ஊறவைத்து, கோழிச் சாற்றில் போட்டு, அவசரப்படாமல் வேகவிட்டால் வெண்ணெய் மாதிரி ஆகும். அப்பா பெரிய ஓட்டலில் விருந்துச் சமையல்காரர். வாழ்நாள் பூராவும் யார் யாருக்கோ அதைச் சமைத்துப் போட்டார். வீட்டுக்கு ஒரு துண்டு வந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று முதலாளி காய்ந்த அபலோன் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

"இது உங்கம்மாவுக்கு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அம்மா அவர் சமையலை ஒருநாளும் குறை சொல்லாமல் சாப்பிட்டதில்லை. உப்பு தூக்கல், காரம் மட்டு, ஒன்றுமே அகப்படாவிட்டால் தட்டு ஈரம். ஓட்டலில் அப்பா விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. பரிமாற எடுத்துப் போனதும் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு காதைக் கொடுப்பார். "நல்லா இருந்தா பேச்சு நின்னுடும்" என்பார். வீட்டிலும் அப்படித் திறந்து வைத்துப் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை.

அன்று காலை அடுப்பருகே முக்காலியில் உட்கார்ந்து, "அடுப்ப அணைச்சிடாதே. இன்னும் வேகணும்" என்றார். அவள் காப்பி கலந்து திரும்புவதற்குள் போய்விட்டார். கடைசியாக என்ன சொன்னார் என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். சொல்வதற்கே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்வதில் அழ நேரமில்லாமல் போனது ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தது.

அம்மா பெட்டியருகே உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டாரு. காஸ் என்ன சும்மாவா வருது?" ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கும் பங்கு கிடைத்தது. பூ வாடல், பெட்டி குறுகல், அழுகிறவர்கள் அழுவதிலும் ஒரு ஒழுங்கில்லை.

அடக்கத்துக்குக் கிளம்பும்போதுதான் சிக்கல் வந்தது. பாதியில் அணைத்தால் அபலோன் ரப்பராகிவிடும். வீட்டில் தான் இருந்துகொள்வதாக மாமா பெரிய மனது பண்ணினார். மகள் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, மாமாவைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

குழியைச் சுற்றி எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். அம்மா மண்ணையே பார்த்தபடி மகளின் பக்கம் சாய்ந்தாள்.

"தீய சின்னதாத்தானே வச்சிட்டு வந்தே?"

"ஆமாம்மா."

அதற்கப்புறம்தான் அம்மா ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள்.

சாயங்காலம் மகள் மூடியைத் திறந்தாள். கத்தி தானாக இறங்கியது. கண்ணாடி போல மெல்லிசாக அரிந்து, மேலே சாறு ஊற்றி, முதல் தட்டை அம்மாவிடம் கொடுத்தாள். மிச்சச் சாறு அடுப்பிலேயே இருந்தது.

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காது மாதிரி இருக்கு. இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

மகள் சமையலறைக்குள் போனாள். கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

மாமா தான் முன்பு எங்கோ சாப்பிட்ட ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவிலேயே நிறுத்திவிட்டார். ஒரு கரண்டி தட்டில் பட்ட சத்தம் கேட்டது. மகள் உப்புக்காகக் காத்திருந்தாள், காரத்துக்காகக் காத்திருந்தாள், தட்டின் ஈரத்துக்காகவாவது காத்திருந்தாள்.

கூடத்திலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை.

அவள் திரும்பி வந்து அடுப்பை அணைத்தாள்.