கையிருப்பு உள்ளவரை

1

இந்தக் கதை ஒரு வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மனித மனத்தின் ஆழம், மொழியின் அழகு என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். எனக்குக் கோபம், அவ்வளவுதான். பதினேழு வயதுப் பெண் ஒருத்திக்குப் பெரியவர்கள் சிரித்த முகத்தோடு அல்வா கொடுத்ததை மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வழக்கம்போலச் சாப்பிட்டேன். அப்படிச் சாப்பிட முடிந்ததற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேன் நகரத்தில், ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடங்களாகக் கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமைக் கூடைப்பந்து ஆட்டங்களுக்குக் கடிகாரம் ஓட்டுகிறவனும் நானே. விசில் கேட்டால் நிறுத்த வேண்டும், பந்து கைக்குப் போனால் ஓடவிட வேண்டும். (இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. எல்லோரையும்விடக் கிட்டத்தில் பார்க்கலாம், எதற்கும் பொறுப்பில்லை. எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?)

2

முதல் தொடக்கம்: "டெவோனா பிக்கெட் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தபோது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு—"

வேண்டாம். இண்டியானாவில் எந்தக் கூடைப்பந்து அரங்கமும் மூச்சைப் பிடிக்காது. தொண்டை கிழியக் கத்தும்.

இரண்டாம் தொடக்கம்: "வறுமையில் வளர்ந்த டெவோனாவுக்குப் பந்துதான்—"

இதை அவளுடைய அம்மா வெர்லீன் கேள்விப்பட்டால் பேருந்தை என்மேல் ஏற்றுவார். அவர் எங்கள் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். பத்தொன்பது வருடங்களில் ஒரு நாள்கூட ஒரு நிறுத்தத்துக்கும் தாமதமாகப் போனதில்லை. யாரையும் காக்க வைக்கக் கூடாது என்பது அவருடைய மதம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்றாம் தொடக்கம்: "ஆஃபர்."

இது இருக்கட்டும்.

3

தமிழ்நாட்டில் ஆஃபர் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆடி மாதம் துணிக்கடை வாசலில் கட்டியிருப்பார்கள்: இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். அடியில் எறும்பளவு எழுத்தில் 'கையிருப்பு உள்ளவரை' என்று இருக்கும். நாமும் அதைத் தெரிந்துகொண்டேதான் ஏமாறுவோம்.

இங்கே கல்லூரிப் பயிற்சியாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வதற்கும் அதே பெயர்தான். எங்கள் டீமில் வந்து ஆடு, படிப்புச் செலவு முழுக்க எங்களுடையது என்று அர்த்தம். வாயால் சொல்வார்கள். எழுதிக் கையெழுத்துப் போடுவது பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் ஒரு புதன்கிழமை. அதற்கு முன்னால் எறும்பு எழுத்துகூடக் கிடையாது.

டெவோனாவுக்கு அந்தச் சொல் வந்தது ஜூன் மாதத்தில். அம்மாவின் பேருந்துக்குள் இருக்கைகளுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில், வெர்லீனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில், பேசியவர் ஒரு கல்லூரியின் துணைப் பயிற்சியாளர், விட்லோ என்று பெயர். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். நிறம் ஆரஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையும் மாற்றித்தான் சொல்கிறேன். (விட்லோவை 'அவர்' என்று எழுதுவது அச்சுக்கான மரியாதை. முதல் பிரதியில் வேறு மாதிரி இருந்தது. 'டீ' என்பது டெவோனாவின் செல்லப் பெயர், குடிக்கிறதல்ல.)

"உயரம் அஞ்சடி ஒம்போது தானே, டீ?"

"ஆமா கோச்."

"ஒம்போதா?" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து வெர்லீன் திரும்பினார். "ஷூவுக்குள்ள ஸ்டூல் போட்டு நிக்கறியாடி?"

"அம்மா! ஷ்ஷ்!"

"இங்க பாரு டீ," என்றார் விட்லோ. "நீ பந்தைக் கொடுக்கற அழகு இருக்கே, அது சொல்லிக் கொடுத்து வராது. நாங்க உனக்கு ஆஃபர் பண்றோம். அவசரமே இல்ல. வந்து பாரு, நிதானமா முடிவு பண்ணு."

துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு டெவோனா இருக்கைகளுக்கு நடுவே குதித்தாள். வண்டியே ஆடியது.

"பிரேக்கைப் புடுங்கிடப் போற, எரும!" என்றார் வெர்லீன். பிறகு அவரும் எழுந்து வந்து குதித்தார்.

4

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கோடைப் போட்டிகளில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆட்டத்தைப் பார்க்கலாம், பிள்ளைகளோடு பேசக் கூடாது என்று ஒரு விதி. ஆகவே விட்லோ ஜூலை முழுக்க ஊர் ஊராக வந்து, முதல் வரிசையில் ஆரஞ்சுச் சட்டையோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்திருக்கிறேன் என்று காட்டத்தான் அந்தச் சட்டை. வெர்லீன் அதை "வேண்டுதலுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கு" என்றார். டெவோனா அந்தச் சட்டைக்காக ஆடினாள். இப்போது யோசித்தால் எனக்கு எரிகிறது. பேசக் கூடாத இடத்தில் அத்தனை ஒழுங்காக விதியைக் காப்பாற்றிய வாய், பேச வேண்டிய இடத்தில் என்ன செய்தது?

5

செப்டம்பரில் கல்லூரியைப் பார்க்கப் போனார்கள். டெவோனாவுக்கு நான்காம் எண் சட்டையைப் போட்டுவிட்டு, விளக்கு வைத்து, புகை விட்டு, முப்பது படம் எடுத்தார்கள். அந்தப் படம் வெர்லீனின் பேருந்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. படம் எடுத்து முடித்ததும் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பெண் வெளியே காத்திருந்தாள்.

அதற்கு ஒரு மாதம் முன்பே இன்னொன்று நடந்திருந்தது. ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரி. அதன் பயிற்சியாளர் பத்தாம் வகுப்பிலிருந்தே டெவோனாவுக்குக் கைப்பட எழுதி வந்தார். கோழிக் கிறுக்கல் எழுத்து. 'முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவின் பேருந்து எப்படி இருக்கிறது?' அவரும் ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று ஆகஸ்டில் கேள்வி வந்தது.

"கொஞ்சம் பொறுத்து சொல்லலாமே," என்றார் எங்கள் பள்ளிக் கோச் டட்டில். "ஒண்ணு கையில இருக்கட்டும்."

"கையில வெச்சுக்கறதா?" வெர்லீனுக்கு முகம் சிவந்தது. "அந்த மனுஷன் அங்க ஒரு எடத்தை இவளுக்குன்னு வெச்சிட்டு உக்காந்திருக்காரு. இவ போகப் போறதில்ல. அது வேற ஒரு பொண்ணுக்குக் கிடைக்கட்டும். டீ, இன்னிக்கே சொல்லு."

டெவோனா அன்றைக்கே சொன்னாள். ஒஹாயோக்காரர் பதில் எழுதினார்: 'சொன்னதற்கு நன்றி. பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.' அந்த இடம் இன்னொரு பெண்ணுக்குப் போனது.

6

இங்கே ஒரு சந்தேகம். டெவோனா நம்பும்படியான பாத்திரமா? இவ்வளவு நேர்மையான தாய், இவ்வளவு அப்பாவி மகள்? வாசகர் கொட்டாவி விடுவாரோ? அவளுக்கு ஒரு குறை வேண்டும். சரி: அவள் தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் நடுவரைத் திட்டுவாள். என் வகுப்பில் மூன்று தடவை காப்பியடித்து மாட்டியிருக்கிறாள். ஒருமுறை நான் கடிகாரத்தை ஒரு விநாடி தாமதமாக ஓடவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும், "மிஸ்டர் கே, கையில என்ன, தூக்கமா?" என்று கேட்டாள். உண்மையில் ஒன்றரை விநாடி.

இப்போது நம்புகிறீர்களா?

7

கையெழுத்து நாளுக்கு முந்தின நாள், செவ்வாய், மதியம். பந்துகள் வைக்கும் அறை. மறுநாள் விழாவுக்குப் பிள்ளைகளின் பெயர் அட்டைகளை நானே எழுதியிருந்தேன், ஐந்து பேருக்கு. அரங்கத்தில் நீள மேசையும் ஐந்து நாற்காலிகளும் போட்டாயிற்று. மைக் பெட்டியை எடுக்க அறைக்குள் போனேன். டெவோனா பந்து வண்டிமேல் உட்கார்ந்து விட்லோவை அழைத்து, தொலைபேசியை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். டட்டில் கதவில் சாய்ந்திருந்தார்.

"கோச், முடிவு பண்ணிட்டேன்! உங்ககிட்டதான் வரேன். நாளைக்குக் கையெழுத்து. காகிதம் இன்னும் வரலியே?"



"டீ... நீ எவ்ளோ நல்ல பொண்ணு தெரியுமா? உன்னை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அது மாறவே மாறாது."

"சரி கோச்."

"இப்போதைக்கு அந்த ஆஃபர் எடுத்துக்கற மாதிரி இல்ல, கண்ணா."

டெவோனா டட்டிலைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள், ஏதோ கணக்கில் உதவி கேட்பதுபோல.

"வாபஸ் வாங்கிட்டீங்களா?"

"இல்லல்ல! ஆஃபர் இருக்கு. இப்போதைக்கு எடுத்துக்க முடியாது, அவ்ளோதான்."

"எடுத்துக்க முடியாதுன்னா அது எப்படி ஆஃபர்?"

"வசந்தத்துல வேற காலேஜ்லேர்ந்து மாறி வர்றவங்க இருப்பாங்க டீ. ரெண்டு மூணு வருஷம் ஆடின பொண்ணுங்க. அவங்களுக்கு எடம் வெச்சிருக்க வேண்டியிருக்கு."

"யாரு வராங்க?"

"யாருன்னு இன்னும் தெரியாது."

"யாருன்னே தெரியாதவளுக்கு எடம் இருக்கு. எனக்கு இல்ல."

"உன் செலவுல நீயே படிச்சிட்டு டீம்ல இருக்கறதுன்னா, எங்க கதவு எப்பவும்—"

டட்டில் கை நீட்டி அழைப்பைத் துண்டித்தார். அவர் சொன்ன வார்த்தையை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

டெவோனா அழவில்லை. (எழுத்தாளனாக நான் காத்திருந்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.) அவள் கேட்டது ஒன்றுதான்: "அம்மா கேக் சொல்லிட்டாங்களே. ஆரஞ்சு கலர்ல. அவங்ககிட்ட யாரு சொல்றது?"

அம்மாவிடம் நான் சொல்கிறேன் என்று முன்வந்தேன் என்றால் கதை நன்றாக இருக்கும். நான் மைக் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

8

முடிவுகள்.

அ) ஒஹாயோக்காரருக்கு மறுபடி ஓர் இடம் கிடைக்கிறது, கோழிக் கிறுக்கலில் ஒரு கடிதம்— கிடைக்காது. அந்த இன்னொரு பெண்ணை நான் என்ன செய்வது? அவள் காலை உடைக்கவா?

ஆ) மூன்று வருடம் கழித்து ஆரஞ்சுக் கல்லூரிக்கு எதிராக டெவோனா கடைசி விநாடியில் கூடை போடுகிறாள். முதல் வரிசையில் விட்லோ தலைகுனிகிறார். விட்லோக்கள் தலைகுனிய மாட்டார்கள் ஐயா. வந்து கட்டிப்பிடித்து, "உன்மேல எனக்கு எப்பவும் நம்பிக்கை இருந்துச்சு" என்பார்கள்.

இ) எல்லாம் ஒரு பாடம் என்று வெர்லீன்— இல்லை. பாடம் கற்க வேண்டியவர் அவரா? பேருந்தைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தவரையா உட்கார வைத்துப் பாடம் நடத்துவது? போங்கடா.

9

மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதத்தில், டெவோனா சந்தோஷமாக இருந்தபோதே, "உன்னைப் பத்தி ஒரு கதை எழுதப் போறேன், என் மொழியில" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் அதைத் தோழிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்புறம் யோசித்தேன். ஐந்தடி ஏழு அங்குலப் பெண், பந்தை அடுத்தவருக்குக் கொடுத்தே பெயரெடுத்தவள். இதில் என்ன கதை? பையன் என்றால், ஆறடி எட்டு என்றால், முழங்கால் உடைந்தால், வாசகர் கண் கலங்குவார். லமார் என்று ஒருவனை உண்டாக்கி நான்கு பக்கம் எழுதியும்விட்டேன். அவன் நிஜத்தில் யாருமில்லை.

கையெழுத்து நாள் முடிந்து பத்து நாள் கழித்து, வகுப்பு முடிந்ததும் டெவோனா என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ்டர் கே, என் கதை என்னாச்சு?"

"இருக்கு. கண்டிப்பா எழுதுவேன். இப்போதைக்கு—"

வாயை மூடினேன். அவள் மூடவில்லை.

"இப்போதைக்கு?" தலையைச் சாய்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுத எனக்கு வக்கில்லை. "நீங்களுமா, மிஸ்டர் கே? என் எடத்துல யாரு? உயரமா?"

"ஆறடி எட்டு," என்றேன்.

"அதானே."

அன்றைக்கே லமாரின் நான்கு பக்கங்களைக் கிழித்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, உன் கதையைத்தான் எழுதுகிறேன், எல்லாவற்றையும் எழுதுவேன், நான் செய்ததையும் சேர்த்து என்றேன். நீ என்ன முடிவு கேட்டாலும் தருகிறேன் என்றும் வீறாப்பாகச் சொன்னேன்.

"ஆஃபரா?" என்றாள்.

"இல்ல. எங்க ஊர்ல இதுக்கு வேற மாதிரி சொல்லுவோம். சொன்னா சொன்னதுதான்."



"அப்ப அந்தப் புதன்கிழமை நான் அந்த நாற்காலில உக்காந்தேனா இல்லையான்னு எழுதாதீங்க. அது என்னோடது. அம்மாவோடது."

"அது இல்லாட்டி கதைக்கு முடிவே இல்லையே, டெவோனா."

"அது உங்க பிரச்சினை. சொன்னா சொன்னதுதானே?"

10

ஆகவே இவ்வளவுதான் தர முடியும்.

புதன்கிழமை, மதியம் இரண்டு இருபத்தைந்து. நீள மேசை. ஐந்து நாற்காலிகள், நான்கில் ஆள் உட்கார்ந்தாயிற்று. ஐந்தாவது அட்டையில் என் கையெழுத்தில் டெவோனா பிக்கெட் என்று இருக்கிறது. டட்டில் அதை எடுக்கக் கை நீட்டுகிறார். "எடுக்காதீங்க கோச்," என்று கதவருகிலிருந்து ஒரு குரல். டெவோனா நிற்கிறாள். பக்கத்தில் வெர்லீன், சீருடையோடு, கையில் கேக் பெட்டி. மேலே இருந்த ஆரஞ்சுச் சர்க்கரைப் பூச்சு முழுவதையும் யாரோ கத்தியால் வழித்து எடுத்திருக்கிறார்கள். வெறும் மஞ்சள் கேக் தெரிகிறது. முந்நூறு பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். மைக் என் கையில் இருக்கிறது, அடுத்த பெயரை நான்தான் படிக்க வேண்டும்.

இதற்குமேல் நடந்தது எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன்.

நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள், திட்டிக்கொண்டே முடித்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். அவளிடம் சொல்லிவிட்டேன்.