சபையோர் சிரிப்பு

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக நான் தமிழ் வாத்தியார். பெயர் ஏசுவடியான். பையன்கள் எனக்கு 'சிரிக்காத சார்வாள்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தது தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது இல்லை.

அறுபத்து நாலாம் வருஷம் ஜூலையில் ரேடியோவில் ஒரு நகைச்சுவைத் தொடர் ஆரம்பித்தது. பெயர் 'பொன்னையா வீட்டுப் பொழுது'. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முனிசிபல் பூங்காவில் ஒலிபெருக்கி வைத்துப் போடுவார்கள். குற்றாலத்தில் குடியிருக்கும் பொன்னையா வீட்டில் சாரல் விழுந்த மறுநாளே சொந்தக்காரர்கள் எண்ணெய்ப் புட்டியும் துண்டுமாக வந்து இறங்குகிறார்கள். அருவியில் குளிக்கிறார்கள், மூக்குமுட்டச் சாப்பிடுகிறார்கள், ஊருக்குக் கிளம்புகிற பேச்சையே எடுப்பதில்லை. அவர்களை அனுப்ப அவனும் அவன் பெண்டாட்டியும் படுகிற பாடுதான் கதை. அதில் புதுமை என்னவென்றால், ஐந்தருவிப் பக்கம் ஒரு கொட்டகையில் ஜனங்களை உட்கார வைத்து, அவர்கள் சிரிக்கிற சத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்திருந்தார்கள். 'சபையோர் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது' என்று அறிவிப்பு வேறு.

முதல் வாரமே ஊர் இரண்டுபட்டது. பூங்கா வாசலில் டீக்கடை வைத்திருக்கும் யாக்கூப் ஒரு கட்சி.

"நம்ம வீட்டுக் கதைய அப்பிடியே எடுத்து வச்சிருக்காம்லா, சார்வாள். எம் மச்சினன் எட்டுப் பேரோட வந்து பதினோரு நாள் இருந்துட்டு நேத்துதான் போனான்."

ஜவுளிக்கடை ஞானசம்பந்தம் எதிர்க்கட்சி. அந்த ஞாயிறு அவர் வீட்டில் மதுரைச் சம்பந்திகள் குளிக்க வந்திருந்தார்கள். தங்களைத்தான் குத்திக்காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மறுநாளே முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"வேடிக்கை இருக்கட்டும், அண்ணாச்சி. எங்கன சிரிக்கணும்னு நமக்கு அவன் சொல்லித் தரணுமாக்கும்? அவனே பேசுதான், அவனே ஆள் வச்சுச் சிரிக்கான்" என்றார்.

நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. என் மனைவி ஜெபமலர் செத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூன் பதினாறாம் தேதி காலையில் அடுப்பைப் பற்றவைத்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளையில்லை. பூங்காவுக்கு அடுத்த தெருவில்தான் என் வீடு. ஜன்னலைச் சாத்தினாலும் ஒலிபெருக்கிச் சத்தம் உள்ளே வரும். ஒரு கொட்டகை நிறைய ஆட்கள் என் வீட்டுக் கூடத்தில் வந்து நின்று சிரிக்கிற மாதிரி இருந்தது. அவர்களைக் கொன்றால் தேவலை என்றிருந்தது எனக்கு.

இரண்டாவது வாரம் முடிந்ததும் கடிதம் எழுதினேன். எழுத்து எனக்குக் கைவந்த கலை. 'பண்பாடற்ற இந்தக் கூச்சலை உடனே நீக்குக. குறிப்பாகப் பெண்களின் சிரிப்பு காதால் கேட்கும் தரமன்று. குடும்பப் பெண்கள் இப்படியா சிரிப்பார்கள்?' என்று கேட்டிருந்தேன். ஞானசம்பந்தமே கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். நாற்பத்திரண்டு கையெழுத்து. யாக்கூப் கட்சியும் சும்மா இருக்கவில்லை, 'சிரிப்பு போதாது, கூட்டவும்' என்று கத்தை கத்தையாகக் கார்டு போட்டார்கள். ஆனால் அவர்கள் எழுத்தில் பிழை அதிகம்.

ஜூலை இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, எனக்குப் பதில் வந்தது. 'தங்கள் கருத்து ஏற்கப்பட்டது. நான்காவதும் கடைசியுமான பகுதி சிரிப்பொலி நீக்கப்பட்டு ஒலிபரப்பாகும்.' அதை டீக்கடையில் நாலு பேர் முன்னால் வாசித்துக் காட்டினேன். மனைவி செத்தபிறகு அன்றைக்குத்தான் ஒரு டீயை முழுசாகக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் நூர்நிஷா வாசலில் வந்து நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண், யாக்கூபின் மனைவி. ஜெபமலருக்குத் தங்கை மாதிரி. அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"சார்வாள், அந்தச் சிரிப்ப எடுத்திருவாங்களாமே, நெசந்தானா?"

"ஆமா. நாந்தான் எழுதினேன்."

"அதுல அக்கா சிரிக்கா, சார்வாள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரைச் சொல்கிறாள் என்றே பிடிபடவில்லை.

"ஜூன் மாசம் நீங்க ஆசிரியர் கூட்டம்னு பாளையங்கோட்டை போனியள்லா, அன்னைக்கு நானும் அக்காவும் குத்தாலம் போனோம். நாலு பாகமும் ஒரே நாள்ல எடுத்தாவ. சொன்னா வைவீயன்னு அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அந்தச் சொந்தக்காரங்க வந்து எறங்குத எடத்துல அக்கா சிரிச்சு சிரிச்சு அவளுக்குப் பொறையே ஏறிட்டு. 'நூரு, இது எங்க வீடுட்டீ, எங்க வீடேதான்'ன்னா." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அவ சத்தத்தக் கேக்கத்தான் பூங்காவுல போயி உக்காருதேன். பாக்கி இருந்தது இந்த வாரம் ஒண்ணுதான். அதையும் அழிக்கச் சொல்லிட்டீயளே!"

எங்கள் வீடேதான். என் அண்ணன் தம்பி நாலு பேர் குடும்பமும் சீசனுக்குச் சீசன் எங்கள் வீட்டில்தான் இறங்கும். பத்தொன்பது சீசன். அடுப்படியில் அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எப்போது படுத்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கல்யாணமான முதல் மாதம், என் பெரியண்ணன் குளித்துவிட்டு வரும்போது வாசலில் வழுக்கி விழுந்தார். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "குடும்பப் பொம்பள இப்படியா சிரிப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அதற்குப் பிறகு என் எதிரில் அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். தோள் குலுங்கும், சத்தம் வராது. அதே வாசகத்தைத்தான் கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். பேச்சை எழுத்துத் தமிழாக்கி, பன்மை ஆக்கியிருந்தேன், அவ்வளவுதான்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. குற்றாலத்துக்குப் பாதி தூரம் சாரலில் ஓடி, பாதி தூரம் யாரோ ஒருவர் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போனேன். ஒலிப்பதிவு செய்தவர்கள் சீசன் முடியும்வரை ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தார்கள்; எனக்கு வந்த பதிலில் அந்த முகவரிதான் இருந்தது. ஆதித்தன் என்ற இளைஞர்தான் பொறுப்பு. என் பெயரைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்க லெட்டர்தான் சார் எங்க கண்ணைத் திறந்தது. காலையிலதான் வெட்டி முடிச்சேன்."

"எங்களுக்கு அந்தச் சிரிப்பு வேணும், தம்பி. லெட்டர வாபஸ் வாங்கிக்கிடுதேன். நாப்பத்திரண்டு பேர்கிட்டயும் எழுதி வாங்கித் தாரேன்." என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. "போன மூணு பாகமாவது குடுங்க."

"அது அழிஞ்சு போச்சு சார். டேப் தட்டுப்பாடு. ஒலிபரப்பு முடிஞ்சதும் அதுமேலயே வேற பதிஞ்சிருவோம்."

நான் காரணத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிரம்புக்கூடையை இழுத்தார். பிளேடால் வெட்டிப்போட்ட பழுப்பு நாடாத் துண்டுகள் சுருள் சுருளாகக் கிடந்தன. வெற்றிலைத் துப்பலும் பீடித்துண்டும் அதோடு சேர்ந்து கிடந்தன. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டியில் துடைத்துக் கொடுத்தேன். அவர் ஒட்டிக்கொண்டே வந்தார். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் சேர்த்து மிஷினில் மாட்டினார்.

ஆம்பிளைகள் சிரித்தார்கள். யாரோ இருமினார்கள், கைதட்டினார்கள். பிறகு பெண்கள். ஒருத்தி கீச்சென்று சிரித்தாள். ஒருத்தி விட்டு விட்டுச் சிரித்தாள். ஒருத்தி அடிவயிற்றிலிருந்து, நிறுத்தத் தெரியாமல் சிரித்தாள். நாலாவதாக ஒருத்தி, மூச்சு வாங்கி, "ஐயோ" என்றுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"இதுல உங்க வீட்டம்மா யாரு சார்? சொல்லுங்க, அதை மட்டும் தனியா எடுத்துத் தாரேன்."

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மூன்றாவது தடவையும் நாலாவது தடவையும் போட்டார். ஜெபமலர் அங்கேதான் இருந்தாள், அந்த நாலு பேரில் ஒருத்தியாக. கடிதத்தில் நான் எழுதியது எல்லாமே அவளுக்கும் சேர்த்துத்தான். எது அவள் என்று எனக்குத் தெரியவில்லை.

"சார்?"

"தெரியல, தம்பி."

ஆதித்தன் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவங்க சிரிப்பு தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களா, சார்?"

"இருக்காவ" என்றேன். "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குத் தெரியும்."