புல்மேட்டுச் சுருக்குக் கம்பி

பொன்முடி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் குடியிருந்த பிரேமா ஒன்பது வருஷமாக வனத்துறையில் தற்காலிக வாச்சர். உச்சியிலிருந்த புல்மேட்டில் மிஞ்சிக் கிடந்த வரையாடுகளுக்குக் காவல் போவது அவள் வேலை. தினமும் நடக்கவேண்டும். டூரிஸ்டுகள் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக்கைப் பொறுக்கவேண்டும், அடிவாரத்திலிருந்து ஏறிவரும் நாய்களை விரட்டவேண்டும். மிளா மானுக்கும் பன்றிக்கும் என்று யாரோ வைத்துவிட்டுப் போகும் சுருக்குக் கம்பிகளைத் தேடிப் பிடுங்கவேண்டும். மிளாவுக்கு வைத்த சுருக்கில் வரையாடு கால் வைத்தாலும் அது இறுக்கத்தான் செய்யும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு அனுஷா லயத்துக்கு வந்தாள். பிளஸ் டூ படித்தவள். சும்மா வீட்டில் இருக்கிறாளே என்று ரேஞ்சர் சாம்பசிவன் சாரிடம் பேசி அவளை வேலையில் சேர்த்துவிட்டதே பிரேமாதான். புல்மேட்டின் வடக்குச் சரிவு அனுஷாவுக்கு, தெற்கு பிரேமாவுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

அனுஷா மொபைலில் படம் எடுத்தாள். ஒவ்வொரு ஆட்டின் கொம்பையும் தனித்தனியாகப் படம் பிடித்துப் பெயர் வைத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் அசந்து போனார்கள். ஒருநாள் மலையாளப் பத்திரிகையில் அவள் படத்தோடு செய்தி வந்தது. பிரேமாவுக்கு மலையாளம் பேசத் தெரியுமே தவிர வாசிக்க வராது. கணவன் வேலப்பன் வாசித்துக் காட்டினான். இடது கொம்பு ஒடிந்த ஒரு கிழட்டு ஆடுதான் கூட்டத்தை முன்னால் நடத்திப் போகிறது என்று அனுஷா கண்டுபிடித்ததாக அதில் இருந்தது.

அந்த ஆட்டை ஏழு வருஷமாகப் பிரேமாவுக்குத் தெரியும். அனுஷாவிடம் சொன்னவளும் அவள்தான். நம்ம வீட்டுப் பிள்ளை பேர் பத்திரிகையில் வந்திருக்கு என்று வேலப்பன் சந்தோஷப்பட்டு இன்னொரு தடவையும் வாசித்தான். பிரேமா எழுந்துபோய்க் கழுவிவைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

அன்றிலிருந்து அனுஷா என்ன செய்தாலும் பிரேமாவுக்கு ஆகவில்லை. அவள் சிரித்தால் ஆகவில்லை. ரேஞ்சர் ஜீப்பை நிறுத்தி அவளிடம் மட்டும் பேசினால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. புதுத் தொப்பி ஒன்று கொடுத்தார்கள், அதுவும் அவளுக்குத்தான். தனக்குத் தொப்பியே பிடிக்காது என்பதுகூடப் பிரேமாவுக்கு அப்போது நினைவில்லை.

கார்த்திகை மாதம் கீழே நகரத்தில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரையாடு பற்றிப் பேச அனுஷாவைக் கூப்பிட்டிருந்தார்கள். போவதற்கு முன்னால் அவள் வந்து, "யக்கா, எனக்க பக்கமும் ஒரு நடை பாத்துக்கிடுங்க" என்றாள். பிரேமா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆனாலும் மத்தியானத்துக்குமேல் கால் தானாக வடக்குச் சரிவுக்குப் போயிற்று. ஆடுகள் இறங்குகிற ஒற்றையடித் தடத்தில், புல்லுக்குள், பைக்கின் கிளட்ச் கம்பியில் செய்த சுருக்கு ஒன்று கிடந்தது. ஒரு சின்ன மரத்தின் அடியில் இறுக்கிக் கட்டியிருந்தது. மழையில் நனைந்து லேசாகத் துருவும் ஏறியிருந்தது.

பிரேமா குனிந்தாள். இடுப்பில் வெட்டுக்கத்தி இருந்தது. அந்தச் சின்ன மரத்தில் ஒரு வெட்டுப் போதும். அப்போது அவளுக்கு அந்தப் பத்திரிகைப் படம் ஞாபகம் வந்தது. அவ எடந்தானே, அவளே வந்து பாக்கட்டும், பாத்து போட்டோ எடுத்துப் போடட்டும் என்று நினைத்தாள். பார்க்காமல் விட்டால் ரேஞ்சருக்கும் தெரியட்டும், இவளுடைய கெட்டிக்காரத்தனம் எவ்வளவு என்று. மஞ்சுமூட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது. நிமிர்ந்து திரும்பி நடந்தாள்.

மறுநாள் டியூட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே புறப்பட்டாள். யாருக்கும் தெரியாமல் கம்பியை எடுத்துவிடலாம் என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். சரிவை எட்டுமுன்பே ஆட்டின் சீழ்க்கை கேட்டது. பயந்தால் மட்டும் எழுப்புகிற சத்தம்.

நேற்று விட்ட நடைக்காக அனுஷா அவளுக்கும் முன்பே வந்து அங்கே இருந்தாள். ஒரு பெண்ணாட்டின் பின்னங்கால் சுருக்கில் மாட்டியிருந்தது. அது துள்ளத் துள்ளக் கம்பி தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. குட்டி மேலே பாறையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. வயர்லெஸில் சொல்லிவிட்டதாகவும் கால்நடை டாக்டர் வர இரண்டு மணி நேரமாகும் என்றும் அனுஷா மூச்சுவாங்கச் சொன்னாள். ஆட்டுக்குப் பின்னால் இரண்டடியில் பள்ளம். இன்னொரு துள்ளல் துள்ளினால் பள்ளத்தின் மேல் தலைகீழாகத் தொங்கும்.

பிரேமா தன் மழைக்கோட்டைக் கழற்றி ஆட்டின் தலையில் போட்டு மூடினாள். கண் மறைந்ததும் அது கொஞ்சம் அடங்கியது. அனுஷா அதன் கழுத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். பிரேமா மரத்தை அடியோடு வெட்டிக் கம்பியைத் தளர்த்தினாள். கை முழுக்க ரத்தம். காலிலிருந்து சுருக்கு வந்ததும் கோட்டை உருவினார்கள். ஆடு விழுந்து, எழுந்து, மூன்று காலில் பாறையேறிப் போயிற்று.

எட்டு மணிக்கு ரேஞ்சர் வந்தார். கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். துரு ஏறியிருக்கிறதே, இரண்டு நாளாவது ஆகியிருக்குமே, உன் ஏரியாவில் எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று அனுஷாவிடம் கேட்டார். அனுஷா பிரேமாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதான் சார். நான் பாக்கல."

நேற்றுப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரேமாவுக்கு நெஞ்சு எரிந்தது. கெட்டிக்காரி என்ற பெயரைத்தான் வாங்கிவிட்டாள், இப்போது நல்லவள் என்ற பெயரையும் வாங்கப் பார்க்கிறாளா? அதை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"நேத்து நான் பாத்தேன் சார்," என்றாள் பிரேமா. "பாத்துட்டு எடுக்காம வந்தேன்."

ரேஞ்சர் ஏன் என்று கேட்டார். அவள் கையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் புல்லில் துடைத்தாள். அனுஷாவுக்கு மட்டும் ஏன் என்று புரிந்தது, முகம் வெளுத்துவிட்டது.

இரண்டு மாதம் பிரேமா வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அதற்கே அனுஷா போய்க் கெஞ்சினாள் என்று வேலப்பன் சொன்னான். இல்லாவிட்டால் ஒரேயடியாக நிறுத்தியிருப்பார்களாம். அன்றிலிருந்து அனுஷா அவளிடம் பேசவில்லை. இரண்டு மாதம் முடியப்போகும்போது ஒருநாள் குழாயடியில் பிரேமாவின் பக்கத்தில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"அந்த ஆடு இன்னும் நொண்டுது யக்கா. செத்திருந்தா நான் உங்கள மன்னிச்சிருக்க மாட்டேன். இப்பவும் முழுசா மன்னிக்கல."

"மன்னிக்காண்டாம் பிள்ளே," என்றாள் பிரேமா. "பேசினாப் போதும்."

தை மாதக் கடைசியில் அவள் வேலைக்குத் திரும்பினாள். இனி இருவரும் சேர்ந்தே நடக்கவேண்டும் என்று உத்தரவு. அடுத்த மழைக்காலத்துக்குள் பதினான்கு கம்பிகள் பிடுங்கினார்கள். ஜீப் வந்து நின்றால் ரேஞ்சர் இன்றைக்கும் அனுஷாவிடம்தான் முதலில் பேசுகிறார். அப்போதெல்லாம் பிரேமா அந்தப் பக்கம் திரும்பாமல் புல்லையே பார்த்துக்கொண்டு நடப்பாள். அப்படி நடந்து கண்டெடுத்தவைதான் அந்தப் பதினான்கில் ஒன்பது.